மாமியார் படத்தின் இடது கண்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது என் புகுந்த வீட்டில் யாருக்கும் இன்றுவரை பிடிபடவில்லை. பழைய ஓவியங்களைத் தொடாமல், சுரண்டாமல், வெறும் வெளிச்சத்தை வைத்தே அவற்றின் உடம்புக்கு என்னவென்று பார்ப்பவள் என்று சொன்னால், "அப்ப எக்ஸ்ரே எடுக்கிறவங்களா?" என்பார்கள். இல்லையென்று விளக்கி முடிப்பதற்குள் யாராவது முழங்காலை நீட்டிவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்தே முட்டி தேய்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் வரும்வரை தன் இடுப்பைப் பற்றியே பேசினார். மோர் வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வாரம் வெந்நீர் ஒத்தடம் குடுங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு சரியாகிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்.

உண்மையில் நான் செய்வது இதுதான். ஓவியத்தின் முன்னால் கேமராவை நிறுத்தி, விதவிதமான வெளிச்சத்தில் அதைப் படமெடுப்பேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால், வண்ணம் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே உரியப்போகிறது என்பது நிழல் விழுந்து தெரியும். புற ஊதா விளக்கில், பின்னால் வந்தவர்கள் செய்த பூச்சுவேலை எல்லாம் திட்டுத்திட்டாக வெளியே வரும். அகச்சிவப்பு ஒளியில் மேல் வண்ணம் கரைந்தது போலாகி, அடியில் ஓவியர் முதலில் போட்ட கோடு தெரியும். நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியைப் பிடிப்பதற்கென்றே மாற்றியமைத்த கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். ஓவியத்தின் மேல் என் விரல் படாது. மூச்சுகூடப் படாமல் முகத்தை மூடிக்கொள்வேன். எதற்கும் சேதம் வராமல் பார்ப்பதுதான் இந்த வேலையின் பெருமை. அந்தப் பெருமையை நானும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் கூரை ஓவியங்களைப் பள்ளி நாட்களில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததில் தொடங்கியது இந்தப் பைத்தியம். அதன்பின் எத்தனையோ ஊர்களில் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்திருக்கிறேன். ஆனால் என்னால் மறக்க முடியாத ஓவியம் கோயிலில் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

அது என் மாமியாரின் படம். நான் அவரைப் பார்த்ததில்லை. என் கணவரும் பார்த்ததில்லை என்றே சொல்லலாம், இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதன் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டித் தரும் ஓவியர்கள் அப்போது ஸ்டுடியோக்களில் இருந்தார்கள். அப்படித் தீட்டிய படம் அது. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை, பச்சைக் கரை. காதில் பெரிய ஜிமிக்கி, தலையின் இரண்டு பக்கமும் வழியும் மல்லிகை. பின்னால் நீலத் திரை, ஒரு பூச்சாடி. மடியில் சமர்த்தாக ஒரு குழந்தை, என் கணவர். எல்லாவற்றையும்விட முதலில் தெரிவது அந்தக் கண்கள்தான். பெரிய, அகன்ற கண்கள். கூடத்தில் எங்கே நின்றாலும் பார்க்கும்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் வந்ததும், சொந்தக்காரப் பெண்கள் என்னை நேராக அந்தப் படத்தின் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "பாத்தியாமா, அதே கண்ணு. அம்மா கண்ண அப்படியே உரிச்சி வெச்சிக்கினு பொறந்துட்டான்" என்றார் ஒருவர். திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அதே கண்தான். புதுப்பெண் கூச்சத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது என் மாமியார் நன்றாக உடுத்திக்கொண்டு, ஸ்டுடியோவுக்குப் போய்ப் பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டார், அப்புறம் மஞ்சள்காமாலை வந்து போய்விட்டார். இதுதான் என் கணவருக்குச் சொல்லப்பட்ட கதை. வேறு படம் கிடையாது. அம்மா எப்படி இருப்பார் என்று கேட்டால் என் மாமனார் தறியை விட்டு நிமிராமல், "அதான் படத்துல இருக்காளேடா, பாத்துக்கோ" என்பாராம். ஒரு வருடத்துக்குள் மறுமணம் செய்துகொண்டவர் வேறென்ன சொல்வார் என்று என் கணவருக்குக் கடைசிவரை அவர் மேல் ஆறாத கோபம். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

என் கணவர் பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போடுகிறவர். கணினியில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைந்து தறிக்கு அனுப்புவார். ஒவ்வொரு புது டிசைனையும் முடித்ததும் கூடத்துக்கு வந்து அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். கும்பிடமாட்டார், பேசமாட்டார். கண்ணைப் பார்ப்பார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். பரீட்சைக்குப் போகும்போதும் அப்படித்தான் நின்றாராம், என்னைப் பெண் பார்க்கக் கிளம்பும்போதும் அப்படித்தானாம்.

ஒருமுறை நான் கிண்டலாகக் கேட்டேன், மாமியார் என்ன சொன்னார் என்று.

"ஒண்ணும் சொல்லமாட்டாங்கமா. பாப்பாங்க, அவ்ளோதான்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "எங்கப்பா தறிய பாத்துக்கினு இருப்பாரு. சித்தி அவங்க புள்ளைங்கள பாத்துக்கினு இருப்பாங்க. அந்த வூட்டுல என்ன பாத்தவங்க இவங்க ஒருத்தங்கதான்."

அதன்பின் நான் அந்த விஷயத்தில் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது படத்தின் கண்ணாடி உடைந்தது. படத்துக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றிவிடலாம் என்று இருந்தோம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. அதற்குள் எனக்குத் தென்மாவட்டக் கோயில் ஒன்றில் வேலை வந்து, போய்விட்டேன். நான் இல்லாத நேரத்தில் மாமியாரின் திதி வந்தது.

திதி அன்று என் கணவர் செய்வது வழக்கமான காரியம்தான். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு படத்தை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, மஞ்சளைக் குழைத்து நெற்றிக்கு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, மாலை போடுவார். சிறுவயதிலிருந்து செய்கிற காரியம். இவ்வளவு காலமும் கண்ணாடியின் மேல் துடைத்த கை, கண்ணாடி இல்லாதபோதும் அதே மாதிரி துடைத்துவிட்டது.

திரும்பி வந்து கூடத்தில் பையை வைத்த நான், நிமிர்ந்து பார்த்து அலறிவிட்டேன்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தொடச்சேன்."

"எதால?"

"ஈரத்துணியாலதான். வருஷா வருஷம் தொடைக்கிறதுதானே." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. முகம் விழுந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஊரிலுள்ள சாமிக்கெல்லாம் காவல் காத்துவிட்டு என் வீட்டுப் படத்தை ஈரத்துணிக்குக் கொடுத்துவிட்டேனே என்று கத்தினேன். அபிஷேகம் செய்துவிடவேண்டியதுதானே, பாலும் பன்னீரும் எதற்கு பாக்கி என்று கேட்டேன். புடவைக் கரையில் வண்ணம் உப்பியிருந்தது. நெற்றியிலிருந்து மஞ்சள் தண்ணீர் மூக்கின் பக்கவாட்டில் வழிந்து காய்ந்திருந்தது. அது இறங்கிய இடத்தில், இடது கண்ணின் ஓரம், வண்ணம் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்று முழுக்க அவர் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, "கோயில் படத்துக்கெல்லாம் பாக்கிற மாரி இதுக்கும் பாருமா. அந்தக் கண்ணு மட்டும் போவக்கூடாது" என்றார். நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்து எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது.

எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் தறி இருக்கிறது. தறி ஓடினால் தரை லேசாக அதிரும், கேமரா நிலைத்து நிற்காது. அதனால் அமாவாசை வரும்வரை காத்திருந்தேன். அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடி அறையை இருட்டாக்கினோம். படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து மேஜை மேல் சாய்த்து நிறுத்தினேன். என் கணவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இருக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எந்தக் காரணமும் அப்போது இல்லை.

முதலில் சாதாரண வெளிச்சத்தில் எடுத்தேன். பிறகு பக்கவாட்டு வெளிச்சம். புடவைக் கரையில் மடிப்பு மடிப்பாக வண்ணம் எழும்பி நிற்பது தெரிந்தது. "சாயம் ஒத்துக்காத பாவு நூலு மாரி இருக்குது" என்றார். இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில், செதில் தன் நிழலைக் கன்னத்தின் மேல் போட்டுக்கொண்டு நின்றது. ஆனால் இன்னும் ஒரு பக்கம் பிடித்திருந்தது. காப்பாற்றிவிடலாம் என்று சொன்னேன். அவர் மூச்சு விட்டார்.

புற ஊதா விளக்கைப் போட்டதும் மாமியாரின் நெற்றி பளீரென்று பச்சைமஞ்சளாக ஒளிர்ந்தது. மஞ்சள் அந்த விளக்கில் அப்படித்தான் தெரியும். மூக்கோரம் வழிந்த கோடும் கண்வரைக்கும் ஒளிர்ந்தது. "பாத்தீங்களா, குற்றவாளி மாட்டிக்கிட்டாரு" என்றேன். சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். நிலைமை தெரிந்துவிட்டது, அடுத்து ஒட்டவேண்டியதுதான். ஆனால் அகச்சிவப்பில் எடுக்காமல் எந்தப் படத்தையும் நான் விட்டதில்லை. வண்ணத்துக்கு அடியில் புகைப்படத் தாள் ஊறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹாலஜன் விளக்கைச் சூடு படாத தூரத்தில் வைத்தேன். எடுத்த படம் மடிக்கணினியில் மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. நீலத் திரை காணாமல் போயிருந்தது. பூச்சாடியும் இல்லை. அந்த இடத்தில் ஒரு போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. போர்வையின் ஓரத்தில் ஒரு கட்டை, கட்டையிலிருந்து இழை இழையாக நூல்.

"தறிக்காலு" என்றார் என் கணவர், ஆச்சரியமாக. "இது ஸ்டுடியோ இல்லமா. எங்க பழைய வூடு."

படம் இறங்கிக்கொண்டே வந்தது. மல்லிகைச் சரம் மறைந்து, ஜிமிக்கி மறைந்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணி. தாடையைச் சுற்றி, இரண்டு கன்னத்தின் வழியாக ஏறி, உச்சந்தலையில் முடிச்சு. கண்கள் மூடியிருந்தன.

வாய் திறந்துகொள்ளாமல் தாடையைக் கட்டுவது யாருக்கு என்று தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு விளக்கவேண்டியதில்லை. நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார். ஆனால் அவர் முதலில் கைகாட்டியது மடியிலிருந்த குழந்தையை. மேலே சமர்த்தாக இருந்த குழந்தை, அடியில் வாயை அகலத் திறந்து வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அழுவுறேன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கேமரா தப்பா காட்டுதா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சத்தியமாக வந்தது. மறுபடி எடுக்கிறேன் என்று சொல்லி, விளக்கைத் தள்ளி வைத்து, மறுபடி எடுத்தேன். அதே துணி. அதே மூடிய கண்கள். அந்த ஓவியர் கண்மணிக்கு விளக்குக் கரியைப் பூசியிருந்தால் அகச்சிவப்பிலும் அது கறுப்பாகவே நின்றிருக்கும், கீழே எதுவும் தெரிந்திருக்காது. பழுப்பையும் நீலத்தையும் கலந்து ஒரு கறுப்பை உண்டாக்கியிருக்கிறார். அழகான கறுப்பு, உயிருள்ள கறுப்பு. அது இந்த ஒளியில் கரைந்துவிட்டது. முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கொஞ்சம் கரியைக் குழைக்க என்ன கேடு அவருக்கு?

கட்டத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிறவர் என் கணவர். திரையோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோளில் புடவை மடிப்பு என்று நினைத்திருந்த இடத்தில், போர்வைக்குள்ளிருந்து வந்த நாலு விரல்கள் இருந்தன. ஆண்பிள்ளை விரல்கள். அவற்றைக் காட்டிவிட்டு எழுந்து ஜமுக்காளத்தை விலக்கினார். அறைக்குள் வெயில் வந்தது. மேஜை மேல் மாமியார் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டார்.

மறுநாள் பிள்ளையார்பாளையத்துக்கு அத்தையைப் பார்க்கப் போனோம். என் மாமனாரின் அக்கா. அந்தக் காலத்து மனிதர்களில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். நாங்கள் போனபோது டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வரும்வரை எங்களைக் கையமர்த்தினார். பிறகு என் கணவர் நீட்டிய போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். திடுக்கிடவில்லை.

"இத எங்கடா புடிச்ச? இத பெயிண்டு அடிச்சி மறைச்சாச்சே" என்றார்.

"வரைஞ்சதுக்கு கீழ இருந்துச்சி அத்த. எல்லாரும் ஸ்டுடியோன்னு சொன்னீங்க."

"உங்கப்பன்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னான்." டிவி சத்தத்தைக் குறைத்தார். "அவளுக்கு ஒரு போட்டாவும் இல்லடா. கல்யாணத்துக்கே எடுக்கல. அவ போன பிறகுதான் உங்கப்பனுக்கு உறைச்சிது, நாளைக்கு புள்ளைக்குக் காட்ட ஒரு மூஞ்சி வேணுமேன்னு. பாடை கட்டிக்கினு இருக்காங்க, இவன் ஓடிப்போய் ஸ்டுடியோக்காரன கூட்டிக்கினு வந்துட்டான். நாற்காலில ஒக்கார வெச்சோம். எங்க ஒக்கார்றது? சரிஞ்சி சரிஞ்சி வர்றா. உங்கப்பன் பின்னால போர்வைக்குள்ள பூந்துக்கினு தோள புடிச்சிக்கினான். உன்ன மடியில போட்டு நான் இந்தப் பக்கமா குனிஞ்சி புடிச்சேன். நீ பால் குடிக்கணும்னு முட்டற, கத்தற. போர்வைக்குள்ள அவன் அழுவுறது எனக்குக் கேக்குது. ஆடாதீங்கன்னு போட்டாக்காரன் எங்கள திட்டறான்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்து, டிவியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

என் கணவர்தான் கேட்டார். "கண்ணு?"

"இன்னா கண்ணு?"

"கண்ணு மூடியிருக்குது. அப்புறம் பெயிண்டர் எத பாத்துப் போட்டாரு?"

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் எதையும் யோசித்துச் சொல்கிறவர் இல்லை.

"வூட்டுக்கு வந்து கேட்டான், அந்தம்மா கண்ணு எப்பிடி இருக்கும்னு. உங்கப்பன் வாயத் தொறக்கல. நான்தான் சொன்னேன், சின்னக் கண்ணு, சிரிச்சா காணாமலே போயிடும்னு. சின்னக் கண்ணு போட்டா தூங்கற மாரியே இருக்கும்மான்னான். நீ என் இடுப்புல இருந்த. உன்ன மொகவாயைப் புடிச்சிப் பாத்தான். கொழந்த கண்ணு நல்லா இருக்குது, இதையே வெச்சிடறேன்னு சொல்லிட்டு, உன்ன எதிர்ல என் மடியில ஒக்காரவெச்சி பாத்துப் பாத்துப் போட்டான்."

விளம்பரம் முடிந்திருந்தது. அத்தை சத்தத்தைக் கூட்டவில்லை. "காப்பி குடிக்கிறீங்களாமா?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வண்டியில் திரும்பும்போது அவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னது ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்டது. "என் கண்ணத்தான்மா நான் பாத்துக்கினு இருந்திருக்கேன்." சிக்னலில் நின்றபோது மறுபடியும் சொன்னார். அப்போது முழுதாகக் கேட்டது. அவர் உலகத்தில் அவரைப் பார்த்தது ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தரும் இல்லையென்று ஆகிவிட்டது. அதைச் செய்தது என் கேமரா. ஓவியத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை, ஈரத்துணி செய்ததற்கு மேல் ஒரு துளி சேதமும் இல்லை. என் வேலையில் அதற்குப் பெயர் நல்ல வேலை.

வீட்டுக்கு வந்ததும், தூக்கியிருக்கும் வண்ணத்தை எப்போது ஒட்டட்டும் என்று கேட்டேன்.

"கரைய மட்டும் ஒட்டு. கண்ண ஒட்டாத" என்றார்.

"வுட்டா விழுந்துடுங்க."

"வுழட்டும். அம்பது வருஷத்துக்கு மேல முழிச்சிக்கினே இருந்துட்டாங்க. தூங்கட்டும்."

விழப்போகிற வண்ணத்தைத் தெரிந்தே விடுவது என் தொழிலுக்குத் துரோகம். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அவரிடம் சரி என்று சொன்னேன். கரையை ஒட்டினேன், நெற்றி மஞ்சளைச் சுத்தம் செய்தேன், இடது கண்ணின் பக்கம் போகவில்லை. அந்த நாட்களில் அவர் புது டிசைன் ஒன்றை முடித்தார். எழுந்து வழக்கம்போலக் கூடத்துக்கு வந்தார். சுவரில் படம் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவர் போலக் குடத்தின் பக்கம் போய்விட்டார். அப்பாவின் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார். உலர்ந்த துணியால்தான். அதில் தெரிந்த அப்பாவின் விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கண்ணாடி வெட்டி வந்தது. படத்தைச் சட்டத்துக்குள் வைக்க, இரண்டு கையாலும் அடியில் தாங்கி மெதுவாகத்தான் தூக்கினேன். செதில் உதிர்ந்தது. சத்தமே இல்லை. இடது கண்ணின் வெள்ளைப் பகுதி இருந்த இடத்தில், மூடிய இமையின் சாம்பல் நிறமும் சில இமை முடிகளும் தெரிந்தன. வலது கண் திறந்தே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் தரையில் முட்டி போட்டிருந்தார். "நடக்காத, நடக்காத" என்று என்னை அதட்டினார். உள்ளங்கையைத் தரையோடு வைத்து, மேஜைக் காலைச் சுற்றி, ஓரம் ஓரமாகத் தேடினார். அரிசிக் குருணை அளவுகூட இருக்காது அது. கண்டுபிடித்துவிட்டார். விரல் நுனியில் ஒற்றி எடுத்து, மற்றக் கையால் காற்றுக்கு மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"ஒட்டிடுமா" என்றார். "பொய்யின்னு தெரியும். ஒட்டிடு."

பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். தூரிகை முனையில் துளிப் பசையை எடுத்து, அந்தச் செதிலை அதன் இடத்தில் வைத்தேன். இமை மூடிக்கொண்டிருந்த இடத்தை நான்தான் மறுபடி மறைத்தேன். ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது எப்போதும் போலப் பெரிய கண்களால் மாமியார் எங்களைப் பார்த்தார். என் கணவரின் கண்களால்.

படம் இப்போது பழைய இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டாயிற்று. டிசைன் முடிந்ததும் அவர் இப்போதும் அதன் முன்னால் வந்து நிற்கிறார். முன்பு அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இப்போது தன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் நான் கூடத்துக்குப் போவதில்லை.